ஒளியால் ஓடும் அயனிப் பம்பு: மூன்று பொத்தான்களை வைத்துப் புரிந்துகொள்ளும் வழி

சில நுண்ணுயிர்களின் செல் சவ்வில் ஒரு சிறிய புரதம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது ஓர் அயனியைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏற்றிவிடும். ஒரு சுற்றுக்கு ஓர் அயனிதான். இதைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கே, எல், எம், என், ஓ என்று பாடநூல்களில் வரும் இடைநிலைகளின் பட்டியல்தான் அந்த இடம். பட்டியலை மனப்பாடம் செய்தால் தேர்வு எழுதிவிடலாம். ஆனால் ஒளி பட்ட புரதம் அயனியை ஏன் ஒரே திசையில் மட்டும் தள்ளுகிறது, அது ஏன் திரும்பி வருவதில்லை என்று யாராவது கேட்டால் பதில் வராது.

அதனால் இங்கே வேறு வழியில் போவோம். ஒரு தாள், ஒரு பென்சில், மூன்று சட்டைப் பொத்தான்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகள் கேட்போம். அயனி இப்போது யார் கையில் இருக்கிறது? அந்தக் கை எந்தப் பக்கம் பார்க்கிறது? எதிர்ப்பக்கத்து வழி அடைபட்டிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்தால், இடைநிலைகளின் பெயர்கள் தாமாகவே மனதில் நிற்கும்.

முதலில், எதற்காக இந்தப் பம்பு?

ஹேலோபாக்டீரியம் சாலினாரம் என்றொரு நுண்ணுயிர் உண்டு. பெயரில் பாக்டீரியம் இருந்தாலும் அது பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை நுண்ணுயிர்களைச் சேர்ந்தது. கடல்நீரைவிட ஏழெட்டு மடங்கு உப்பு கூடிய நீரில்தான் அதற்கு வாழ்க்கை. அவ்வளவு அடர்த்தியான உப்புநீரில் ஆக்சிஜன் கொஞ்சம்தான் கரையும். ஆக்சிஜன் குறையும்போது மூச்சுவிட்டு ஆற்றல் எடுப்பது சிரமமாகிறது. வெயிலுக்கோ அங்கே குறைவில்லை. ஆக்சிஜன் குறைந்து வெளிச்சம் இருக்கும் நேரத்தில் இந்த உயிர் தன் சவ்வில் ஊதா நிறத் திட்டுகளை உருவாக்கிக்கொள்கிறது. 1971இல் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கெனியஸும் அந்தத் திட்டுகளில் ரெட்டினால் கட்டுண்ட ஒரு புரதம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதுவே பாக்டீரியோரோடாப்சின். வெளிச்சத்தில் அது புரோட்டான்களை, அதாவது நேர்மின்சுமை கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை, செல்லுக்கு வெளியே தள்ளுகிறது என்பதை 1973இல் காட்டினார்கள்.

புரோட்டான்களை வெளியே தள்ளினால் என்ன லாபம்? வெளியே புரோட்டான் கூடுகிறது, உள்ளே குறைகிறது. அதோடு உள்பக்கம் எதிர்மின் தன்மை அடைகிறது. இந்த இரண்டும் சேர்ந்து புரோட்டான்களை மறுபடி உள்ளே இழுக்கும். அவை திரும்பி வரும் வழியில் ஏடிபி சின்தேஸ் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது. அது அந்த ஓட்டத்தைப் பயன்படுத்தி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்துகொள்கிறது.

இதை நிரூபித்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1974இல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கெனியஸும் சோயாக் கொழுப்பில் செய்த நுண்ணிய பைகளில் இரண்டே இரண்டு புரதங்களைப் பதித்தார்கள். ஒன்று உப்புநீர் ஆர்க்கியாவின் பாக்டீரியோரோடாப்சின். மற்றது மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி சின்தேஸ். வெளிச்சம் காட்டியதும் ஏடிபி உருவானது. உயிர் வரிசையில் அவ்வளவு தூரம் விலகி நிற்கும் அந்த இரண்டு புரதங்களுக்கும் நடுவே பொதுவாக இருந்தது சவ்வின் இரு பக்கத்துப் புரோட்டான் வேறுபாடு மட்டுமே. இந்த வேறுபாடுதான் ஏடிபி செய்ய ஆற்றல் தருகிறது என்று பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்து, பல ஆண்டுகள் பலர் நம்ப மறுத்த கருத்துக்கு இது பெரிய பலமாக அமைந்தது. 1978இல் மிட்செலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை இங்கேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது பச்சையம் செய்யும் ஒளிச்சேர்க்கை அல்ல. இதில் பச்சையம் கிடையாது, ஆக்சிஜன் வெளிவராது, கரியமில வாயு சர்க்கரையாகாது. எலக்ட்ரான் கைமாறுவதும் இல்லை. ஒரே ஒரு புரதம், தன் உள்ளே உள்ள ஒரே ஒரு நிறமியை வைத்துக்கொண்டு, அயனியை இடம் மாற்றுகிறது. அவ்வளவுதான்.

படி 1: தாளில் வரையுங்கள்

தாளின் குறுக்கே, கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு நீளக் கோடுகள் போடுங்கள். அந்த இடைவெளிதான் சவ்வு. மேலே செல்லின் உள்பக்கம், கீழே வெளிப்பக்கம் என்று எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் விட்டால் பாதி வழியில் கட்டாயம் குழம்பும். ஏனென்றால் நூல்களில் சிலர் இப்படியும் சிலர் தலைகீழாகவும் வரைகிறார்கள்.

இடைவெளிக்குள் ஏழு செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். புரதத்தின் 248 அமினோ அமிலங்களும் ஒரே சங்கிலியாக, சவ்வை ஏழு முறை குறுக்காகக் கடந்து மடிந்திருக்கின்றன. அந்த ஏழும் திருகுச் சுருள்கள். 1975இல் ரிச்சர்ட் ஹெண்டர்சனும் நைஜல் அன்வினும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த ஏழு சுருள்களைப் பார்த்தார்கள். ஒரு சவ்வுப் புரதத்தின் உருவம் அப்படித் தெரிந்தது அதுவே முதல் முறை. அந்தப் பாதையிலேயே தொடர்ந்து நடந்த ஹெண்டர்சன் 2017இல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

நிஜத்தில் சுருள்கள் வரிசையாக நிற்பதில்லை. ஒரு நீள்வட்டமாகச் சூழ்ந்து நடுவில் ஒரு குழியை உண்டாக்குகின்றன. அந்தக் குழியின் நடுவே, சவ்வின் பாதி உயரத்தில், ரெட்டினால் கிடக்கிறது. ரெட்டினால் என்பது வைட்டமின் ஏயின் ஆல்டிஹைடு வடிவம். நம் கண்ணுக்குள் ஒளியை உணர்வதும் இதே மூலக்கூறுதான். ஏழாவது சுருளில் 216ஆம் இடத்தில் இருக்கும் லைசினோடு அது வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கட்டுக்கு ஷிஃப் காரம் என்று பெயர். இந்தக் கட்டில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. கதையின் கதாநாயகன் அந்த நைட்ரஜன்தான், ஏனென்றால் புரோட்டானைப் பிடிப்பதும் விடுவதும் அதன் வேலை.

இப்போது மேலிருந்து கீழாக நான்கு வட்டங்கள் போடுங்கள்.

மேலே, உள்பக்கத்துக்கு அருகில்: அஸ்பார்டிக் அமிலம் 96. இதைக் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில்: ஷிஃப் காரம்.

அதற்குச் சற்றுக் கீழே: அஸ்பார்டிக் அமிலம் 85. இவர் வாங்குபவர்.

அடியில், வெளிப்பக்கத்துக்கு அருகில்: வெளிவிடும் குழு. இது தனி ஆள் அல்ல. 194, 204 ஆகிய இடங்களில் உள்ள இரண்டு குளுடாமிக் அமிலங்களும் அவற்றுக்கு நடுவே உள்ள நீர் மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு புரோட்டானை வைத்திருக்கின்றன.

பொத்தான்தான் புரோட்டான். இருட்டில் புரதம் ஓய்வாக இருக்கும்போது கொடுப்பவரிடம் ஒன்று, ஷிஃப் காரத்திடம் ஒன்று, வெளிவிடும் குழுவிடம் ஒன்று. வாங்குபவரின் கை காலி. பொத்தான்களை அப்படியே வையுங்கள்.

படி 2: ஒளி என்ன செய்கிறது?

ஒளி புரோட்டானைத் தள்ளுவதில்லை. புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறான எண்ணம் இது. ஒளி ரெட்டினாலின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது. சுற்று தொடங்குவதற்கு முன் ரெட்டினாலின் வால் நேராக நீண்டிருக்கும். இந்த வடிவத்துக்கு முழு டிரான்ஸ் என்று பெயர். ஒளித்துகள் ஒன்று விழுந்ததும் பதின்மூன்றாம் கார்பனில் தொடங்கும் இரட்டைப் பிணைப்பு திருகிக்கொண்டு 13-சிஸ் வடிவமாகிறது. ஒரு விநாடியை லட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால், அதில் ஒரு கூறின் பாதி நேரத்துக்குள் இது முடிந்துவிடும். விழுங்கப்படும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படி ஒரு சுற்றைத் தொடங்கிவைக்கின்றன.

இந்தத் திருகல் இறுக்கமான குழிக்குள் நடக்கிறது. சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் இடம் கொடுக்காததால் ரெட்டினால் முறுக்கேறிய நிலையில் நிற்கிறது. ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கு அந்த முறுக்கில் சேமிக்கப்படுகிறது. இதுதான் கே. முறுக்கு கொஞ்சம் தளர்ந்து, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் இடம் மாறினால் எல். இந்த இரண்டு நிலைகளிலும் பொத்தான்கள் நகரவில்லை. தாளில் எதையும் தொடாதீர்கள்.

கண்ணில் உள்ள ரோடாப்சினோடு ஒரு நிமிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே வளைந்த 11-சிஸ் வடிவம் ஒளி பட்டதும் நேராகிறது. அப்புறம் ரெட்டினால் புரதத்தைவிட்டே கழன்றுவிடுகிறது. அதைத் திரும்ப வளைத்துக் கொண்டுவர வேறு நொதிகள் வேண்டும். நுண்ணுயிர்ப் பம்பில் ரெட்டினால் கழலுவதே இல்லை. வெளியார் உதவி இல்லாமல், சூழலின் வெப்ப அசைவிலேயே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பம்பு மீண்டும் மீண்டும் ஓட முடிவது இதனால்தான்.

படி 3: பொத்தான்களை நகர்த்துங்கள்

இனி மெதுவாகச் செய்யுங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கையை எடுத்துவிட்டுத் தாளைப் பாருங்கள்.

முதல் நகர்வு: ஷிஃப் காரத்தின் பொத்தானை எடுத்து வாங்குபவரிடம் (85) வையுங்கள். ஓய்வு நிலையில் ஷிஃப் காரம் புரோட்டானை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும். அதன் பிகேஏ (புரோட்டானைப் பிடித்துவைக்கும் வலிமையைக் காட்டும் எண்) 13க்கு அருகில். வாங்குபவரின் பிகேஏயோ 3க்கும் கீழே, அதாவது புரோட்டான் வேண்டவே வேண்டாம் என்ற நிலை. ரெட்டினால் திருகியதும் இந்த நிலைமை தலைகீழாகிறது. ஷிஃப் காரத்தின் பிடி தளர்கிறது, வாங்குபவரின் ஆசை கூடுகிறது. புரோட்டான் கைமாறுகிறது. இந்த நிலைக்குப் பெயர் எம்.

இரண்டாவது நகர்வு: வெளிவிடும் குழுவின் பொத்தானை எடுத்துத் தாளின் கீழ்ப்பக்கம், வெளியே, வையுங்கள். வாங்குபவர் புரோட்டானைப் பெற்றவுடன் அவரிடமிருந்த எதிர்மின்சுமை மறைகிறது. அந்தச் சுமை போனதும் இடையில் இருக்கும் ஆர்ஜினின் 82 கீழ்நோக்கிச் சாய்கிறது. அதன் நேர்மின்சுமை நெருங்கி வந்ததும் வெளிவிடும் குழு தன் புரோட்டானை விட்டுவிடுகிறது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஷிஃப் காரம் விட்ட புரோட்டான் இன்னும் வாங்குபவரிடம்தான் இருக்கிறது. வெளியே போனது வேறொரு புரோட்டான். ஒரே புரோட்டான் மேலிருந்து கீழே வரை பயணம் செய்வதாகப் படம் வரைந்தால் அது தவறு. வரிசையில் நிற்கிறவர்கள் ஆளுக்கு ஓரடி முன்னேறுவதைப் போன்ற நிகழ்வு இது.

மூன்றாவது படியில் பொத்தான் எதுவும் நகராது. ஆனால் இது இல்லையென்றால் பம்பே இல்லை. ஷிஃப் காரம் இவ்வளவு நேரம் கீழே, வாங்குபவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அது மேலே, கொடுப்பவர் இருக்கும் பக்கம் திரும்புகிறது. கூடவே ஆறாவது சுருளின் மேல்நுனி வெளிநோக்கிச் சாய்ந்து, உள்பக்கத்திலிருந்து நீர் நுழைய வழி விடுகிறது. எம் என்ற ஒரே பெயருக்குள் இந்தத் திருப்பத்துக்கு முன்பு ஒரு நிலை, பின்பு ஒரு நிலை என்று இரண்டு ஒளிந்திருக்கின்றன.

நான்காவது நகர்வு: கொடுப்பவரின் (96) பொத்தானை ஷிஃப் காரத்துக்குக் கொடுங்கள். இதுதான் 'என்' (N) என்ற நிலை.

ஐந்தாவது: தாளின் மேற்பக்கம், செல்லுக்குள் இருந்து, ஒரு புதிய புரோட்டான் வருகிறது. வெளியே வைத்த பொத்தானையே எடுத்துக் கொடுப்பவரிடம் வைக்கலாம், நாலாவது பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. ரெட்டினாலும் இப்போது நேரான வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. இது ஓ.

ஆறாவது: வாங்குபவரிடம் இருக்கும் பொத்தானை வெளிவிடும் குழுவுக்கு இறக்குங்கள்.

தாளைப் பாருங்கள். கொடுப்பவரிடம் ஒன்று, ஷிஃப் காரத்திடம் ஒன்று, வெளிவிடும் குழுவிடம் ஒன்று, வாங்குபவரின் கை காலி. ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம். நடந்த கணக்கு இவ்வளவுதான்: உள்ளேயிருந்து ஒன்று குறைந்தது, வெளியே ஒன்று கூடியது. இதெல்லாம் சுமார் 10 மில்லி விநாடிகளில் முடிகிறது. நல்ல வெளிச்சத்தில் ஒரு பம்பு விநாடிக்கு நூறு புரோட்டான் வரை தள்ள முடியும். ஓர் ஏடிபிக்கு மூன்று அல்லது நான்கு புரோட்டான் தேவை. அப்படியானால் ஒரு பம்பின் உழைப்பு விநாடிக்கு 25 அல்லது 30 ஏடிபிக்குப் போதும். ஊதாத் திட்டில் இந்தப் புரதங்கள் மும்மூன்றாகச் சேர்ந்து, அறுகோண வலைப்பின்னலாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. திட்டின் எடையில் முக்கால் பங்கு புரதமே.

படி 4: அந்தத் திருப்பத்தைத் தனியாக யோசியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஷிஃப் காரம் மேலே திரும்பும் அந்த மூன்றாவது கட்டத்தை நீக்கிவிட்டு ஆட்டத்தை மறுபடி ஆடிப் பாருங்கள். ஷிஃப் காரம் கீழே பார்த்தபடியே இருந்தால், வாங்குபவரிடம் கொடுத்த புரோட்டானை அவரிடமிருந்தே திரும்ப வாங்கிக்கொள்ளும். சுற்று முடியும், ரெட்டினால் நேராகும், ஒளியின் ஆற்றல் வெப்பமாகப் போகும், ஓர் அயனியும் கடந்திருக்காது.

இன்னொரு விதமாகவும் ஆடிப் பாருங்கள். மேல்வழியும் கீழ்வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கட்டும். அப்போது வெளியே கூடியிருக்கும் புரோட்டான்கள் புரதத்தின் நடுவழியாகவே உள்ளே பாயும். கட்டிய வேறுபாடு எல்லாம் கரைந்துவிடும். அது பம்பு அல்ல, கால்வாய். இயற்கையில் அப்படியும் ஒரு வகை உண்டு. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியில் உள்ள சேனல்ரோடாப்சின் இதே ஏழு சுருள், இதே ரெட்டினால் கொண்டது. ஆனால் ஒளி பட்டால் இரு பக்கமும் திறந்த துளையாகிவிடும். அயனிகள் இறக்கத்தில் ஓடுவதைப்போல ஏராளமாகப் பாயும். பம்பில் ஒரு சுற்றுக்கு ஓர் அயனிதான் போகும், ஆனால் அது ஏற்றத்தில் போகும்.

ஆக, பம்பு என்பதன் இலக்கணம் இதுதான்: அயனி நடுவில் இருக்கும்போது ஒரு பக்கம் மட்டுமே திறந்திருக்க வேண்டும், பிடி தளரும் நேரமும் வழி மாறும் நேரமும் சரியான வரிசையில் வர வேண்டும். ஒளி தரும் ஆற்றலில் பெரும்பகுதி இந்த வரிசை பின்னோக்கி ஓடாமல் காப்பதற்கே செலவாகிறது. 568 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 2.2 எலக்ட்ரான் வோல்ட். ஒரு புரோட்டானைச் செல்லின் சவ்வு வேறுபாட்டுக்கு எதிராக ஏற்ற ஏறத்தாழ 0.2 முதல் 0.25 எலக்ட்ரான் வோல்ட் போதும். பத்தில் ஒரு பங்குதான் சேமிக்கப்படுகிறது. மீதி வீண் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சவ்வின் எதிர்ப்பு கூடும்போதும் பம்பு ஒரே திசையில் ஓடுவதற்கு அந்த மிச்ச ஆற்றல்தான் உறுதி தருகிறது.

படி 5: நிறத்தை வைத்துப் படியுங்கள்

இந்தப் பம்பைப் படிப்பதில் ஒரு பெரிய வசதி, நடப்பது எல்லாம் நிறத்தில் தெரியும் என்பது. ரெட்டினால் தனியாக இருந்தால் வெளிர்மஞ்சள். புரதத்துக்குள் கட்டுண்டு, ஷிஃப் காரம் புரோட்டானோடு இருக்கும்போது 568 நானோமீட்டரில், அதாவது பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையில், ஒளியை விழுங்குகிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது.

ஷிஃப் காரம் புரோட்டானை இழந்ததும் விழுங்கும் அலைநீளம் 412க்குத் தாவுகிறது. நிறம் மஞ்சள். ஆகவே மஞ்சள் தெரிந்தால் எம் நிலை. கொடுப்பவரான 96ஐ அஸ்பரஜினாக மாற்றிய புரதத்தில் ஷிஃப் காரத்துக்குப் புரோட்டான் கொடுக்க ஆள் இல்லை. அதனால் எம் நிலை மில்லி விநாடிகளில் முடியாமல் விநாடிக்கணக்கில் நீள்கிறது. அந்தப் புரதத்தாலான படலத்தில் வலுவான ஒளி விழுந்தால் ஊதா மஞ்சளாவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

கரைசலை மிகவும் அமிலமாக்கினால், பிஎச் 3க்குக் கீழே, ஊதா நீலமாகிவிடும். ஏன் என்று தாளைப் பார்த்து நீங்களே சொல்ல முயலுங்கள். அவ்வளவு அமிலத்தில் வாங்குபவரின் கையில் ஏற்கெனவே ஒரு பொத்தான் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கை நிறைந்தவரால் வாங்க முடியாது. நீலப் புரதம் புரோட்டானை வெளியே தள்ளுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. உப்பளங்களின் செந்நிறத்தைப் பார்த்து அது முழுக்க இந்தப் பம்பின் நிறம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சிவப்பில் பெரும்பங்கு இவ்வுயிர்களின் பாக்டீரியோரூபெரின் என்ற கரோட்டினாய்டு நிறமிக்கு உரியது.

படி 6: அயனியை மாற்றிப் பாருங்கள்

இதே அமைப்பு வேறு அயனிகளையும் ஏற்றுகிறது. ஹேலோபாக்டீரியத்திடமே ஹேலோரோடாப்சின் என்ற இன்னொரு பம்பு உண்டு. அது குளோரைடை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவருகிறது. அங்கே 85க்கு ஒத்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் இல்லை, திரியோனின் இருக்கிறது. வாங்குபவரின் எதிர்மின்சுமை இல்லாமல் போன அந்த வெற்றிடத்தில் குளோரைடு வந்து அமர்கிறது, நேர்மின்சுமை கொண்ட ஷிஃப் காரத்தை ஒட்டினாற்போல. ஒளி பட்டு ஷிஃப் காரம் மேலே திரும்பும்போது குளோரைடும் கூடவே இழுபட்டு மேல்பக்கம் போய்விடுகிறது. ஷிஃப் காரம் புரோட்டானை விடுவதே இல்லை, ஆகவே இதில் மஞ்சள் நிறம் வராது. படி 5 இங்கே உங்களுக்கு உதவுகிறது பாருங்கள்.

அழகு என்னவென்றால், 1995இல் பாக்டீரியோரோடாப்சினின் 85ஆம் இடத்தில் அந்த ஒரே அமினோ அமிலத்தைத் திரியோனினாக மாற்றியபோது, புரோட்டான் பம்பு குளோரைடு பம்பாகவே ஆகிவிட்டது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதாகத் தோன்றினாலும் மின்னோட்டக் கணக்கில் ஒன்றுதான். நேர்மின்னை வெளியே அனுப்பினாலும் எதிர்மின்னை உள்ளே கொண்டுவந்தாலும் செல்லின் உள்பக்கம் எதிர்மின்னாகிறது. நரம்பு செல்களில் ஹேலோரோடாப்சின் வகைப் புரதத்தை வைத்து மஞ்சள் ஒளியால் அவற்றைச் சற்று நேரம் அடக்கிவைக்கும் முறை 2007இல் வந்ததும் இந்தத் தன்மையால்தான்.

சோடியம் கதை வேறு. சோடியமும் நேர்மின், ஷிஃப் காரமும் நேர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் சோடியம் பம்பு சாத்தியமே இல்லை என்று வெகுகாலம் எண்ணினார்கள். 2013இல் கிரோகினோபாக்டர் ஐகாஸ்டஸ் என்ற கடல் பாக்டீரியத்தில் கேஆர்2 என்ற புரதம் சோடியத்தை வெளியே தள்ளுவதைக் கெய்ச்சி இனோவே, ஹிதேகி கந்தோரி குழுவினர் காட்டினார்கள். இருட்டில் அதன் ஷிஃப் காரத்தின் பக்கத்தில் சோடியம் கிடையாது. ஒளி பட்டு, ஷிஃப் காரம் தன் புரோட்டானைப் பக்கத்து அஸ்பார்டிக் அமிலத்திடம் கொடுத்துச் சுமையிழந்து நிற்கும் அந்தக் குறுகிய நேரத்தில் சோடியம் நுழைந்து கடந்துவிடுகிறது. புரோட்டான் பின்னர் ஷிஃப் காரத்துக்கே திரும்புகிறது. பொத்தான் ஆட்டத்தில் இதையும் ஆடிப் பார்க்கலாம். புரோட்டான் இங்கே பயணி அல்ல, கதவைத் திறந்து மூடும் காவலாளி.

கடலில் இவை எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது 2000இல்தான் தெரியவந்தது. ஓடெட் பெஜா, எட்வர்ட் டிலாங் குழுவினர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா நீரிலிருந்து, ஆய்வகத்தில் வளர்க்கப்படாத பாக்டீரியாக்களின் டிஎன்ஏவை நேரடியாக எடுத்துப் படித்தபோது ஒரு புரோட்டான் பம்பின் மரபணு கிடைத்தது. புரோட்டியோரோடாப்சின் என்று பெயரிட்டார்கள். கடல் மேற்பரப்பில் பச்சை ஒளியையும் ஆழத்தில் நீல ஒளியையும் விழுங்கும் வகைகள் இருக்கின்றன. 105ஆம் இடத்தில் லூசின் இருந்தால் பச்சை, குளுடமின் இருந்தால் நீலம். ஒரே அமினோ அமிலம் போதுமாக இருக்கிறது.

படி 7: புதிய மரபணு ஒன்று கிடைத்தால் என்ன செய்வது?

ஆய்வகத்தில் சேர்ந்தவுடன் பலருக்கும் வரும் வேலை இதுதான். ஏதோ ஒரு நுண்ணுயிரில் இந்த வகை மரபணு கிடைத்திருக்கிறது. அது எதை ஏற்றுகிறது?

முதலில் வரிசையைப் படியுங்கள். ஏழாவது சுருளில் ரெட்டினாலைக் கட்டும் லைசின் இருக்கிறதா? இல்லையென்றால் பம்பாக இருக்க வாய்ப்பில்லை. இருந்தால், மூன்றாவது சுருளில் பாக்டீரியோரோடாப்சினின் 85, 89, 96க்கு ஒத்த மூன்று இடங்களைப் பாருங்கள். அஸ்பார்டிக் அமிலம், திரியோனின், அஸ்பார்டிக் அமிலம் என்று இருந்தால் புரோட்டான். மூன்றாவது குளுடாமிக் அமிலமாக இருந்தால் கடல் பாக்டீரியா வகைப் புரோட்டான் பம்பு. திரியோனின், செரின், அலனின் என்றால் ஹேலோரோடாப்சின் போன்ற குளோரைடு பம்பு. அஸ்பரஜின், அஸ்பார்டிக் அமிலம், குளுடமின் என்றால் சோடியம். இது ஊகம் மட்டுமே. சோதனை செய்யாமல் எழுதிவிடாதீர்கள்.

சோதனைக்கு ஈ. கோலை பாக்டீரியாவில் மரபணுவை வையுங்கள். ஈ. கோலைக்கு ரெட்டினால் செய்யத் தெரியாது, நாம்தான் வளர்ப்புக் கரைசலில் சேர்க்க வேண்டும். ரெட்டினால் ஒளியிலும் காற்றிலும் கெடும். இருட்டில், குளிரில் வையுங்கள். செல்களைச் சுழற்றிப் படியவைத்தால் படிவுக்கு நிறம் வந்திருக்க வேண்டும். நிறம் இல்லையென்றால் மேலே போக வேண்டாம், புரதம் சரியாக உருவாகவில்லை.

நிறம் வந்ததா? சரி, செல்களைப் பலமுறை கழுவித் தாங்கல் (பிஎச்சை மாறாமல் பிடித்துவைக்கும் பொருள்) இல்லாத உப்புக் கரைசலில் மிதக்கவிடுங்கள். தாங்கல் மிச்சமிருந்தால் பிஎச் அசையாது. நாள் முழுவதும் வீணாவது பெரும்பாலும் இதனால்தான். பிஎச் மின்முனையை இறக்கி, இருட்டில் அளவு நிலையாகும் வரை பொறுங்கள். அப்புறம் சில நிமிடம் ஒளி, சில நிமிடம் இருட்டு.

பிஎச் இறங்கினால் புரோட்டான் வெளியே வருகிறது. ஏறினால் உள்ளே போகிறது, ஆனால் பம்பு அதைத் தள்ளுகிறதா அல்லது வேறு அயனியின் மின்னழுத்தத்தால் தானாக இழுபடுகிறதா என்பது இன்னும் தெரியாது. இதைப் பிரித்துக்காட்டச் சிசிசிபி என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது சவ்வின் வழியே புரோட்டான்களை இஷ்டம்போல் போகவிடும். அதைச் சேர்த்ததும் பிஎச் மாற்றம் மறைந்தால், பம்பு ஏற்றுவது புரோட்டானையே. பிஎச் ஏற்றம் மறையாமல் இன்னும் வலுத்தால், பம்பு குளோரைடை உள்ளேயோ சோடியத்தை வெளியேயோ ஏற்றுகிறது. உள்பக்கம் எதிர்மின்னாவதால் புரோட்டான் பின்னால் ஓடுகிறது, சிசிசிபி அந்த ஓட்டத்துக்கு வழியை அகலமாக்குகிறது. குளோரைடா சோடியமா என்பதை உப்பை மாற்றிக் கண்டுபிடிக்கலாம். குளோரைடு இல்லாத சோடியம் சல்பேட்டிலும் ஏற்றம் தொடர்ந்தால் சோடியம். சோடியம் இல்லாத பொட்டாசியம் குளோரைடில் தொடர்ந்தால் குளோரைடு. கேஆர்2ஐப் பொட்டாசியம் குளோரைடில் வைத்தால் ஏற்றம் நின்று பிஎச் இறங்கும். சோடியம் கிடைக்காதபோது அது புரோட்டானை வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது.

ரெட்டினால் சேர்க்காத அதே செல்களை எப்போதும் பக்கத்தில் ஓட்டுங்கள். வலுவான விளக்கு கரைசலைச் சூடாக்கும், சூடு பிஎச் அளவையே நகர்த்தும். அந்த நகர்வைப் பம்பின் வேலை என்று எண்ணிவிட்டால் அடுத்து வரும் மாதங்கள் எல்லாம் தவறான பாதையில் போகும்.

படி 8: திரையில் அந்த நீர்த்துளியைத் தேடுங்கள்

கடைசியாகத் தாளை ஓரமாக வைத்துவிட்டு நிஜ உருவத்தைப் பாருங்கள். புரதத் தரவு வங்கி என்ற இணையக் களஞ்சியத்தில் 1சி3டபிள்யூ என்ற குறியீட்டில் பாக்டீரியோரோடாப்சினின் ஓய்வுநிலை அமைப்பு இருக்கிறது. 1999இல் 1.55 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியானது. கட்டணம் எதுவும் இல்லை, உலாவியிலேயே சுழற்றிப் பார்க்கலாம்.

முதலில் புரதத்தின் பட்டைகளை மங்கலாக்கி ரெட்டினாலை மட்டும் நிறமிட்டுக் காட்டுங்கள். லைசின் 216ஐச் சேருங்கள், கட்டு தெரியும். அப்புறம் 85, 96, 82, 194, 204 ஒவ்வொன்றாக. நீங்கள் வரைந்த நான்கு வட்டங்களும் அதே வரிசையில் நிற்பதைக் காண்பீர்கள். கொடுப்பவர் இருக்கும் மேல்பாதியில் நீர் மிகக் குறைவு, கீழ்ப்பாதியில் நீர் மூலக்கூறுகள் சங்கிலியாக இருக்கும். இருட்டில் மேல்வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் இதுதான். இப்போது நீர் மூலக்கூறு 402ஐத் தேடுங்கள். ஒரு கையால் ஷிஃப் காரத்தையும் மற்ற கைகளால் அஸ்பார்டிக் அமிலம் 85, 212 இரண்டையும் தொட்டுக்கொண்டு நடுவில் நிற்கும். ஒளி பட்டு ரெட்டினால் திருகியதும் முதலில் குலைவது இந்த ஏற்பாடுதான்.